யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்

வரலாற்றுக்குச் சான்று யாது என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச் சுவடி என்பனவற்றையே நாம் முதலிற் கூறுவோம். இவை பெரும்பாலும் அரசரைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் பேசுவன. பொதுமக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதனைப் பெருமையாகக் கருதினர், வேண்டிய பொருள் கிடையாதபோது எவ்வாறு காலங்கழித்தனர் என்பனவற்றை அறிய விரும்புவோர் அவர்கள் கையாண்ட கருவிகளையும் நோக்குதல் வேண்டும். கிணற்றடித் துலாவும் மாட்டு வண்டியும் இவ்வகையிற் சான்றுகளாகும். மோட்டார் வண்டியும் அத்தகைய சான்றே.

பிற நாடுகளில் அரும்பொருட் காட்சிச்சாலைகளைச் சேர்ந்துவிட்ட ஆங்கிலேய மோட்டார் வண்டிகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் நெடுங்காலம் ஓடின. அவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்னும் பெயர்கள் ஆங்கிலம் அறியாத முதியோருக்கும் பழகிய பெயர்கள். இவற்றுள் 1960களுக்குரிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ 60 என்னும் வண்டியை முதன்மையாகக் கொண்டு, அஃது இங்கு இவ்வளவு காலம் நிலைத்தமைக்குக் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘யாழ்ப்பாணத்தார் சிக்கனக்காரர், பழையதை எறியமாட்டார்’ என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை. அவ்விடை எத்துணை பொருந்தும் என்பதை இறுதியிற் காண்போம்.

1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரு பெரும் மோட்டார் நிறுவனங்கள் ஒன்றிணைந்தன. ஒன்று, பேர்மிங்காம் நகரை அடுத்த லோங்பிறிட்ஜில் ஆலை கொண்டிருந்த ஒஸ்ரின். மற்றையது, ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலியில் மொறிஸ் வண்டிகளைச் செய்த நபீல்ட் நிறுவனம். இவை இணைந்து தோன்றிய பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் தன் வண்டிகளுக்குப் புதிய உருவம் வேண்டி, இத்தாலி நாட்டின் தூரின் நகரத்து வரைகலைஞரான பினின் பரினாவை நாடிற்று. கோணங்கள் தெளிந்த உடலும், பின்புறத்தில் மீன்செட்டை போல் எழுந்த விளிம்பும் கொண்ட வடிவத்தை அவர் நிறுவனத்தார் வகுத்தனர். அவ்வடிவத்தில் முதலில் வெளிவந்தது 1958 திசெம்பரில் வூல்சிலி வண்டி. 1959 தொடக்கத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ 55 இரண்டாம் வகை வந்தது. 1961இல் பின்செட்டை குறுக்கப்பட்டு, எஞ்சின் பெருக்கப்பட்டு, ஏ 60 ஆயிற்று. 1969 வரை ஏ 60 செய்யப்பட்டது. இதே உடலே முகப்பும் உள்ளலங்காரமும் வேறுபட்டு ஒஸ்ரின், மொறிஸ், வூல்சிலி, றைலி, எம்.ஜி. என ஐந்து பெயர்களில் விற்பனையாயிற்று. வூல்சிலி, றைலி என்பனவற்றுள் மெருகிட்ட மரப் பலகையும் தோல் இருக்கையும் இருந்தன. ஒஸ்ரினும் மொறிசும் அவற்றினும் எளியவை.

ஏ 60 வண்டியின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1622 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. ஏறத்தாழ 61 குதிரைவலு தருவது. கியர் நான்கு, அவற்றைச் சாரதியே தன் கையால் மாற்றுதல் வேண்டும். தானே கியர் மாறும் அமைப்பும் மேலதிக விலைக்குக் கிடைத்ததாயினும், யாழ்ப்பாணத்தவர் அறிந்த கேம்பிரிட்ஜ் கைக்கியர் வண்டியே. முதலாங் கியருக்கு மட்டும் வேகத்தை ஒத்திசைவிக்கும் வளையம் இல்லை. ஆதலால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாங் கியருக்கு இறங்க முனைந்தால் பற்சில்லுகள் உராய்ந்து அலறும்; கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினின் வேகத்தைச் சற்றே உயர்த்தினால்தான் கியர் ஓசையின்றி விழும். எஞ்சினின் ஓசையைக் கேட்டே கியர் மாற்றும் பழக்கம் இவ்வாறு பழைய சாரதிகளுக்கு உண்டாயிற்று. யந்திரத்தின் நோயை ஓசையினாலேயே அறியும் ஆற்றலும் அப்பழக்கத்தின் பயனே. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இது நினைவிற் கொள்ளத்தக்கது.

தான் பிறந்த நாட்டில் ஏ 60 நடுத்தரக் குடும்பத்தின் வண்டி. தந்தை வேலைக்குச் செல்லவும், விடுமுறைக் காலத்திற் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் ஏற்ற வண்டி என்றே ஆங்கிலேயர் அதனை மதித்தனர். யாழ்ப்பாணத்திலோ அது சொகுசு வண்டியாயிற்று. முன் ஆசனத்திலும் பின் ஆசனத்திலும் தாராளமாக இருக்க இடமும், கலியாணப் பெட்டியையும் கொள்ளும் பெரிய பின்பெட்டியும், மெத்தையான ஆசனங்களும் உடைய வண்டி, மிதிவண்டியும் மாட்டு வண்டியும் மிகுந்திருந்த ஊரில் வந்து நின்றபோது அதன் மதிப்பு வேறாயிற்று. வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர், மலாயாவில் உழைத்து ஓய்வூதியம் பெற்று மீண்டோர், வணிகர் முதலியோரின் வளவுகளிலேயே இத்தகைய வண்டி நின்றது. சொகுசு என்பது பொருளின் இயல்பை மட்டுமன்றி, அது சென்று சேரும் இடத்தின் நிலையையும் பொறுத்தது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அம்மதிப்பை மேலும் உயர்த்தியது அரசின் பொருளாதாரக் கொள்கை. கொரிய யுத்த காலத்தில் இறப்பர் விலை உயர்ந்தமையால் இலங்கை பெற்ற செழிப்பு 1950களின் பிற்பகுதியிற் குன்றிற்று. அந்நியச் செலாவணி அருகியபோது, 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. முதலிற் பாதிக்கப்பட்டனவற்றுள் மோட்டார் வண்டியும் ஒன்று. ஏ 60 இங்கிலாந்தில் வெளிவந்த காலமும், இலங்கையின் வாயில் அடைபடத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நாட்டுக்குள் வந்து சேர்ந்த ஏ 60 வண்டிகள் சிலவே. அவற்றை மாற்றிப் புதியது வாங்கும் வாய்ப்போ அதனினும் குறைவு. 1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்திற் கட்டுப்பாடு மேலும் இறுகிற்று.

அதே கட்டுப்பாடு குடாநாட்டிற்கு வேறொரு பயனையும் தந்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்பனவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டமையால் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரின் விளைவுக்கு நல்ல விலை கிடைத்தது. உழவு இயந்திரமும் லொறியும் பழைய காரும் தோட்டக்காரரின் வளவுகளுக்கு வந்து சேர்ந்தன. உத்தியோகத்தரின் பெருமைப் பொருளாக வந்த வண்டி, பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் கைமாறி, வாடகைக் காராகவும், கலியாணக் காராகவும், நோயாளரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் ஊர் வண்டியாகவும் மாறிற்று. ஒரு சமூகத்திற் செல்வம் எவ்வழி பாய்ந்தது என்பதை ஒரு வண்டியின் உரிமையாளர் வரிசையே காட்டக்கூடும். பதிவுப் புத்தகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட உரிமையாளர் பெயர்கள் இவ்வகையில் உறுதிகளுக்கு நிகரான ஆவணங்கள்.

வண்டியின் இலக்கத் தகடும் கல்வெட்டைப் போலவே படிக்கத்தக்கது. வண்டி எத்தனை பேர் கைமாறினும் முதலில் இட்ட இலக்கம் மாறுவதில்லை. 1957க்கு முன்னர் பதியப்பட்ட வண்டிகளில் ஆங்கில எழுத்துக்களே இருந்தன; ‘ஈ.எல்.’, ‘ஈ.என்.’, ‘ஈ.வை.’ என்பன அக்காலத்தின் பிற்பகுதிக்குரியவை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதன் பின்னர், புதிய வண்டிகள் சிங்கள ‘சிறீ’ எழுத்தைத் தாங்குதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இதனைத் தமிழர் எதிர்த்தனர். 1957இல் தொடங்கிய சிறீ எதிர்ப்பு இயக்கத்தில் அவ்வெழுத்துக்குப் பதிலாகத் தமிழ் ‘ஸ்ரீ’ பொறித்த தகடுகள் மாட்டப்பட்டன. பஸ் சேவை 1958 சனவரியில் அரசுடைமையான பின்னர், சிங்களச் சிறீ பொறித்த பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. அதன் பொருட்டுப் பலர் சிறை சென்றனர். அவ்வாண்டின் இனக்கலவரத்திற்கு முன் நிகழ்ந்தவற்றுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்வரலாற்றை அறிந்து தகடுகளைப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் வண்டி ஆங்கில எழுத்துடன் நிற்கும். 1961க்குப் பின் வந்த ஏ 60 சிறீ எழுத்துடன் நிற்கும். ஒரே நிறுவனத்தின் இரு வண்டிகள், ஒரே வளவில் அருகருகே நின்றாலும், அரசியலின் இரு காலங்களைச் சேர்ந்தவை. எந்த எழுத்தை எதிர்த்துச் சிறை சென்றனரோ அந்த எழுத்தையே முகப்பிலும் பின்புறத்திலும் தாங்கிய வண்டியிலேதான் பல தமிழ் மணமக்கள் ஊர்வலம் சென்றனர். 2000ஆம் ஆண்டிலிருந்து புதிய வண்டிகளுக்கு மீண்டும் ஆங்கில எழுத்துக்களே வழங்கப்படுகின்றன.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது யப்பானிய வண்டிகள் நாட்டினுள் நிறைந்தன. அவ்வாறே போயிருப்பின், ஒஸ்ரினும் மொறிசும் ஏனைய இடங்களிற் போலவே குடாநாட்டிலும் மெல்ல மெல்ல இரும்புக் கடையைச் சேர்ந்திருக்கும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் யுத்தம். 1983க்குப் பின்னர் நிலைமை சீர்குலைந்தது. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது கொழும்பிலிருந்து வந்த புகைவண்டி நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது 2014 ஒக்ரோபரிலேதான். மின்சாரம் அற்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, உரம் முதலிய பல பொருள்கள் வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டன. விளக்கெரிப்பதற்கான மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவிற் கிடைத்தது. அதன் விலையும் கொழும்பு விலையினும் பன்மடங்கு. பெற்றோல் துளித்துளியாக அளந்து விற்கப்படும் பொருளாயிற்று.

மண்ணெண்ணெயில் கார் ஓடியது இக்காலத்திலேயே. கதவடைப்புக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவோர் இதனை ஓர் அற்புதம் போலக் கூறுவதுண்டு. இதற்கு முன்மாதிரி இருந்தது என்பதே உண்மை. அம்முன்மாதிரி நம் கிணற்றடியிலேயே இருந்தது. வற்றாத ஆறும் அருவியும் இல்லாத குடாநாட்டில் தோட்டத்திற்கு நீர் கிணற்றிலிருந்தே வரவேண்டும். ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடிக்க, நீர் இறைத்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அருகி, நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. அவ்வியந்திரங்களுட் பல மண்ணெண்ணெயில் இயங்குவன. அவற்றை முதலிற் சிறிது பெற்றோல் விட்டுத் தொடக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தோட்டக்காரர் நாள்தோறும் விடியற்காலையிற் செய்த வேலை இது. இங்கிலாந்திலும் இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்த காலத்தில் இம்முறையில் இயங்கும் பேர்குசன் உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஆகவே பெற்றோலிற் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுதல் என்னும் கொள்கையை யாழ்ப்பாணத்துக் கைவினைஞர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் அறிந்ததை அவர்கள் காருக்குக் கொண்டுவந்தனர். ஒரு தொழிலின் அறிவு மற்றொரு தொழிலுக்கு மாறிய இந்நிகழ்ச்சியே வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்கது.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சிறு போத்தலிலிருந்தோ ஊசிமருந்துக் குழாயிலிருந்தோ காபறேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கினர். சில நிமிடம் ஓடிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தனர். வழியில் எஞ்சின் நின்றுவிட்டால், சூடு ஆறுமுன் மீண்டும் தொடக்குதல் வேண்டும். ஆறிவிட்டால் மேலும் சில துளி பெற்றோல் செலவாகும். மின்கலம் அரிதாகையால், பலர் வண்டியைத் தள்ளி, இரண்டாங் கியரில் இட்டு, கிளச்சை விட்டுத் தொடக்கினர். கைக்கியர் வண்டிக்கே இது இயலும். தானே கியர் மாறும் வண்டியைத் தள்ளித் தொடக்குதல் பொதுவாக இயலாது. கதவடைப்புக் காலத்திற் கைக்கியரின் அருமை இவ்வாறு புலப்பட்டது.

எஞ்சினின் அமைப்பும் துணை நின்றது. ஏ 60 வண்டிக்கு இட்டது ‘பி வரிசை’ என வழங்கும் எஞ்சின். அதில் எரிவாயு உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் நெருங்கி அமைந்துள்ளன. ஆதலின் புகைக் குழாயின் சூடு உட்செல்லும் கலவையையும் சூடாக்கி, மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு உதவும். இன்னொரு தடை, எஞ்சினின் அழுத்தம். மண்ணெண்ணெய் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. காலம் முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். பழைய எஞ்சின்களின் அழுத்தம் தாழ்ந்தது. ஏ 60 எஞ்சின் கலவையை ஏறத்தாழ எட்டிலொரு பங்காகவே சுருக்குவது. ஏ 40 எஞ்சினோ அதனினும் குறைவாகச் சுருக்குவது. பிற்காலத்து யப்பானிய எஞ்சின்களின் அழுத்தம் பொதுவாக இதனினும் கூடியது. எனவே புதிய வண்டி கொட்டிலில் நிற்க, பழைய வண்டி வீதியில் ஓடியது.

நிலத்தின் இயல்பையும் இங்குக் கூறுதல் வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்த சமதரை. மலையில்லை, நீண்ட ஏற்றமில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர். காங்கேசன்துறைக்கு அதனினும் குறைவு. மலைநாட்டில் மண்ணெண்ணெயின் குறைந்த வலுவுடன் ஏற முயலும் வண்டி பாதிவழியில் நின்றுவிடும். இங்கோ மெதுவாகவேனும் போய்ச்சேரும். ஆயின் அதே நிலம் தீங்கும் செய்தது. சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுநீர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்கலத்திற் படிவை உண்டாக்கும். கடற்காற்றின் உப்பு தகட்டை அரிக்கும். அவற்றையும் எதிர்த்தே இவ்வண்டிகள் நிலைத்தன.

நிலைக்கச் செய்தோர் கராஜ்காரர். உதிரிப்பாகம் வருவது நின்றபோது, அழிந்துபோன வண்டிகளிலிருந்து கழற்றி உயிருள்ள வண்டிகளுக்கு மாட்டினர். கடைச்சல் இயந்திரத்திற் புதிதாகக் கடைந்தனர், பித்தளையில் வார்த்தனர், ஒரு வண்டியின் பாகத்தை மற்றொரு வண்டிக்குப் பொருந்துமாறு அராவினர். ஒரே எஞ்சின் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பல வண்டிகளுக்கும் பொதுவாயிருந்தமை இதற்கு வாய்ப்பளித்தது. மண்ணெண்ணெய் எரியாமற் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பொறிமுனையிற் கரி படியும். இவற்றையெல்லாம் நூலின் உதவியின்றி, கண்ணாலும் காதாலும் அறிந்து திருத்தினர். ஆயுத பூசை நாளிற் கராஜுகளிற் சாவிகளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டிட்டு வணங்கும் வழக்கம் அத்தொழிலாளர்க்கு வெறுஞ் சடங்காக இருந்திராது.

இவ்வளவும் கூறிய பின்னர், இதனை ஒரு வீரக் கதையாக மட்டும் எழுதிவிடல் நேர்மையாகாது. காரில் எரிந்த ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு வீட்டின் விளக்கிற்கு வேண்டிய எண்ணெய். அக்காலத்து மாணவர் யாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டு, திரியைக் குறுக்கி, அவ்வொளியிலேயே கல்விப் பொதுத் தராதரப் பரீட்சைகளுக்குப் படித்தனர். பெரும்பாலோர் கார் ஏறியவரல்லர். மிதிவண்டியே அவர்களின் ஊர்தி. நோயாளருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மண்ணெண்ணெய்க் கார் உதவிற்று என்பது உண்மை; அக்கார் வரக் காத்திருந்து காலந் தாழ்ந்தோரும் இருந்திருப்பர் என்பதும் எண்ணத்தக்கது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, பெரும்பாலோர் நடந்தே சென்றனர். கைவிட்டுச் சென்ற வீடுகளோடு கைவிட்ட வண்டிகளும் இருந்தன. இடுக்கணில் வெளிப்பட்ட திறமையைப் போற்றும்போது, இடுக்கண் நன்றென்று கருதிவிடலாகாது.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்பிரலில் ஏ 9 வீதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. பெற்றோல் வந்தது, புதிய மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வந்தன. பழைய வண்டிகளைத் தேடி வாங்குவோரும் தெற்கிலிருந்து வந்தனர். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்ததன் பின்னரே நிலையாகத் திறக்கப்பட்டது. அதன்பின் ஒஸ்ரினும் மொறிசும் அன்றாட ஊர்தி என்னும் நிலையிலிருந்து விலகி, கலியாண வீட்டு அலங்கார வண்டிகளாகவும் சேகரிப்போரின் பொருள்களாகவும் மாறத் தொடங்கின.

பிற நாடுகளில் இதனை ஒத்த நிலை இருந்ததா என நோக்குவது பயன்தரும். கியூபாவில் 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர் வந்த அமெரிக்க வண்டிகள், 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா விதித்த வணிகத் தடையினால் மாற்றப்படாமல், சோவியத்து நாட்டு உதிரிப்பாகங்களையும் ஏற்று அவானா நகரத்தில் ஓடின. இந்தியாவிலோ மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வகை வண்டி, 1957இலிருந்து உத்தரபாராவில் ‘அம்பாசிடர்’ என்னும் பெயருடன் செய்யப்பட்டது. அவ்வண்டிக்கும் பின்னர் பி வரிசை எஞ்சினே இடப்பட்டது. இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுத் தொழிலைக் காத்த கொள்கையினால் அது 2014 வரை வெளிவந்தது. யாழ்ப்பாணம் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. கியூபாவை அடைத்தது வேற்றரசு. இந்தியாவில் வாயிலடைத்த அரசு வண்டி செய்யவும் இடமளித்தது. யாழ்ப்பாணத்திற்கு 1960களில் ஒரு வாயிலும் 1990இல் மற்றொரு வாயிலும் அடைபட்டன. இரண்டையும் அடைத்தது தன் நாட்டு அரசே. முதலாவது நாடு முழுமைக்கும் பொதுவாக, இரண்டாவது வடக்கிற்கு மட்டும்.

இனி, தொடக்கத்திற் கூறிய விடைக்கு மீள்வோம். யாழ்ப்பாணத்தார் சிக்கனக்காரராதலின் பழைய வண்டிகள் நிலைத்தன என்பது முழு உண்மையாகாது. சிக்கனமே காரணமாயின், 1977க்குப் பின்னர் இங்கு யப்பானிய வண்டி எவரும் வாங்கியிருக்கமாட்டார். 2002க்குப் பின்னர் பழைய வண்டிகள் விற்கப்பட்டுமிரா. வாயில் திறந்த போதெல்லாம் இவ்வூரவர் பிறரைப் போலவே புதியதை வாங்கினர். ஆகவே, அடைபட்ட வாயில் முதலாவது காரணம். கையால் இயக்கவும் கையாலே திருத்தவும் கூடிய யந்திரம் இரண்டாவது. கிணற்றடியிலும் கராஜிலும் முன்னரே பழகிய கை மூன்றாவது. இம்மூன்றில் எது குறைந்திருப்பினும் வண்டி நின்றிருக்கும். சிக்கனம் இவற்றிற்குத் துணையாயிற்று என்று வேண்டுமாயிற் கூறலாம். இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. ஒரு மக்களின் நிலைமையை அவர்தம் குணத்தின் விளைவாகக் கூறிவிட்டால், அந்நிலைமையை உண்டாக்கிய சட்டமும் தடையும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

அண்மைக்காலம் இதற்கு மேலும் சான்று தந்தது. 2020இல் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. 2022இல் எரிபொருளுக்காகத் தெற்கிலும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வாயில் அடைபட்டபோது கொழும்பிலும் பழைய வண்டிகளைத் திருத்தி ஓட்டினர். அதனை எவரும் கொழும்பு மக்களின் குணவியல்பு என்று கூறவில்லை.

இன்று நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கதவடைப்புக் காலத்தில் இளைஞராயிருந்த கராஜ்காரர் இன்று முதியோர். அவர்களின் கைத்திறன் எந்நூலிலும் எழுதப்படவில்லை. எப்பாகத்தை எதனால் ஈடுசெய்தனர், எச்சூட்டில் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர், எவ்வோசைக்கு எந்நோய் என்று அறிந்தனர் என்பனவெல்லாம் அவர் நினைவிலேயே உள்ளன. வண்டி கைமாறித் தெற்கே சென்றாலும் அதனை மீண்டும் காணலாம்; நினைவு போனால் மீளாது. நம் மாணவர் தத்தம் ஊரிலுள்ள பழைய வண்டியொன்றைத் தெரிந்தெடுத்து, அதன் இலக்கத் தகடு, எஞ்சின் இலக்கம், உரிமையாளர் வரிசை என்பனவற்றை அவரவர் இசைவு பெற்றுக் குறித்தல் வேண்டும். அதனைத் திருத்தியவரைச் சந்தித்து, அவர் கூறுவதை அவர் வழங்கும் சொற்களிலேயே எழுதுதல் வேண்டும். நகரத்துக் கராஜ்காரர் ஒரு பெயராலும் வடமராட்சிக் கராஜ்காரர் வேறொரு பெயராலும் ஒரே பாகத்தை அழைப்பராயின், இரண்டையும் குறித்தல் வேண்டும். பத்து மாணவர் பத்து வண்டிகளைப் பற்றி எழுதினால், குடாநாட்டின் அரைநூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றுக்கு வேறெங்கும் கிடையாத ஆவணமொன்று இக்கல்லூரி நூலகத்தில் உருவாகும். அப்பணிக்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும், மாலை வேளைகளும், முதியோர் சொல்வதைக் கேட்கும் பொறுமையுமே.